செஞ்சிவப்பும் பொன்மஞ்சளும் ஒரே படத்தில்: அழகர் பக்தர் உடையை எப்படித் தீட்டுவது?

தீட்டும்விரல் (வில்லாபுரம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர் ஒருவரை 2 அடிக்கு 3 அடி கேன்வாஸில் அக்ரிலிக்கில் தீட்டிக்கொண்டிருக்கிறேன். தோளில் துருத்தியின் தோல் பை தொங்குகிறது, கை உயர்ந்திருக்கிறது, முகம் மேலே பார்க்கிறது. பின்னால் கூட்டம், வைகை மணல், தூரத்தில் ஏ.வி. பாலம்.

சிக்கல் உடையில்தான். சட்டை நல்ல செஞ்சிவப்பு சாட்டின். சல்லடம், அதாவது குட்டைக் கால்சட்டை, பொன்மஞ்சள். தலையில் சிவப்புக் குல்லா, அதன் விளிம்பில் மஞ்சள் பட்டை, ஜிகினா. இரண்டு நிறமும் ஒரே சத்தத்தில் பேசுகின்றன. கண் சட்டைக்குப் போகிறது, சல்லடத்துக்கு இறங்குகிறது, மறுபடி சட்டைக்கு ஏறுகிறது, முகத்துக்கு வரவே மாட்டேன் என்கிறது. எனக்கோ அந்த முகம்தான் படம்.

நிறத்தைக் குறைத்து மண் நிறமாக்கினால் சரியாகிவிடும் என்று தெரியும். ஆனால் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அன்றைக்கு ஆற்றுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்பும் மஞ்சளும் இல்லாவிட்டால் அது சித்திரைத் திருவிழாவே இல்லை.

இன்னொன்று, மடிப்புகளில் நிழல் வைக்க மஞ்சளோடு கறுப்பு சேர்த்தால் பச்சை தட்டுகிறது. சிவப்பில் வெளிச்சம் காட்ட வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிறது.

என்னிடம் இருப்பவை: வெர்மிலியன், கிரிம்சன், லெமன் எல்லோ, கோல்டன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், தாலோ கிரீன், வெள்ளை, கறுப்பு. எந்தச் சிவப்போடு எந்த மஞ்சளைச் சேர்ப்பது? இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வைக்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


குழாய்மூடி (திண்டுக்கல்):

நிறச் சேர்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாட்டின் மடிப்பை எல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும்.

சிவப்பில் இரண்டு வகை. வெர்மிலியன் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, கிரிம்சன் ஊதாப் பக்கம் சாய்ந்தது. மஞ்சளிலும் அப்படியே: கோல்டன் எல்லோ ஆரஞ்சுப் பக்கம், லெமன் பச்சைப் பக்கம். வெர்மிலியனும் கோல்டன் எல்லோவும் சேர்ந்தால் நீலச் சாயல் எங்கிருந்தும் வராது, ஆரஞ்சு பளிச்சென்று நிற்கும். கிரிம்சனும் லெமனும் சேர்ந்தால் ஒன்றில் ஒளிந்திருக்கும் நீலமும் மற்றதில் ஒளிந்திருக்கும் பச்சையும் வெளியே வந்து ஆரஞ்சை மங்க வைக்கும். இந்த மங்கல் ஆரஞ்சு வீணில்லை. கூட்டத்தில் தூரத்தில் இருப்பவர்களின் உடைகளை இதில் தீட்டுங்கள். அதே குடும்பத்து நிறமாக இருக்கும், ஆனால் முன்னால் நிற்பவரோடு போட்டிக்கு வராது.

குழாயின் பின்பக்கம் நிறமிக் குறியீடு இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள். அசல் வெர்மிலியன் பாதரச சல்பைடு, குறியீடு பி.ஆர். 106 (பி.ஆர். என்றால் பிக்மென்ட் ரெட்). இன்று மாணவர் வகைக் குழாய்களில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வேறு கரிம நிறமி. கேட்மியம் சிவப்பு என்றால் பி.ஆர். 108, பைரோல் சிவப்பு என்றால் பி.ஆர். 254. பின்னது வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும், விலையும் கேட்மியத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

நிறத்தின் வெளிச்சத்தை எண்ணால் சொல்லும் மன்செல் அளவில் கறுப்பு 0, வெள்ளை 10. செஞ்சிவப்பு தன் முழு வீரியத்தில் 4, 5 பக்கம் இருக்கும். பொன்மஞ்சள் 7க்கும் 8க்கும் நடுவில் இருக்கும். ஆகவே நிறத்தில் நெருங்கியவை என்றாலும் வெளிச்சத்தில் இரண்டும் வெகுதூரம். ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்திய யோஹான்னஸ் இட்டன், கவிஞர் கோதே நிறங்களின் வெளிச்சத்துக்குக் கொடுத்த எண்களிலிருந்து ஒரு பரப்பளவு அட்டவணை போட்டார். அதில் மஞ்சளுக்கு 3, சிவப்புக்கு 6. ஒரு பங்கு மஞ்சளுக்கு இரண்டு பங்கு சிவப்பு வைத்தால் இரண்டும் சமமாக நிற்கும் என்பது அவர் கணக்கு. உங்கள் படத்தில் சட்டையும் சல்லடமும் கிட்டத்தட்ட சம அளவாக இருந்தால் மஞ்சள் மிஞ்சத்தான் செய்யும்.


பலகைஎழுத்து (செல்லூர்):

தாயி, வணக்கம். கடைப் பலகை, சுவர் விளம்பரம், சினிமா பேனர் என்று ஆயுள் முழுக்க சிவப்பிலும் மஞ்சளிலும் பிழைத்தவன் நான். எனாமல் டப்பாவில் கோல்டன் எல்லோ, சிக்னல் ரெட், பி.ஓ. ரெட் (போஸ்ட் ஆபீஸ் சிவப்பு). இந்த மூன்றும் இல்லாத நாளில் தூரிகையைத் தொட்டதில்லை என்றே சொல்லலாம். இந்திய தர நிர்ணய நிற அட்டையில் இவற்றுக்கு 356, 537, 538 என்று எண் உண்டு. ஒப்பந்த வேலைக்குப் போனால் அந்த எண்ணைச் சொல்லித்தான் பெயின்ட் கேட்போம்.

திண்டுக்கல் தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் உங்கள் ஆள் உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு ஆற்றில் வந்து நிற்கிறார். சல்லடத்தைச் சுருக்கி, சட்டையை நீட்ட முடியாது. பரப்பு கையில் இல்லை. கையில் இருப்பது வெளிச்சம்.

ஆகவே முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று தீர்மானியுங்கள். அழகர் இறங்குவது காலையில். வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக வரும். அந்த வெயிலை ஒரு நிறத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றுக்குக் கொஞ்சம்தான் கொடுங்கள். நானாக இருந்தால் மஞ்சளுக்குக் கொடுத்து, சிவப்புச் சட்டையின் பாதியை உயர்ந்த கையின் நிழலுக்குள் தள்ளிவிடுவேன். நிழலுக்குள் போன சிவப்பு சிவப்பாகவே இருக்கும், சத்தம் மட்டும் குறையும். மஞ்சளை நிழலுக்குள் தள்ளினால் அது மஞ்சளாகவே இருக்காது. நிறத்தைக் குறைக்க வேண்டாம் என்று சொன்னீர்களே, மண் நிறம் கலக்காமல் அதைச் செய்யும் வழி இதுதான். எந்தப் படத்தையும் நான் முதலில் இப்படித்தான் பிரிப்பேன்: எது வெயிலில், எது நிழலில். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இரண்டும் முழு வெயிலில் சரிசமமாக நின்றால் கடைத்தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் கூவுவது மாதிரிதான், யார் சொல்வதும் காதில் விழாது.

அடுத்தது வரிசை. மஞ்சள் முதலில், சிவப்பு பிறகு. மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. சிவப்பின் மேல் அதைப் போட்டால் எத்தனை கோட் அடித்தாலும் அடியிலிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கும். பலகையில் சிவப்புத் தளத்தில் மஞ்சள் எழுத்து கேட்டால், எழுத்தை முதலில் வெள்ளையில் எழுதிக் காயவைத்து, அதன் மேல்தான் மஞ்சள் ஓட்டுவோம். பழைய கோல்டன் எல்லோ டப்பாவில் லெட் குரோமேட் இருந்தது. ஒரே கோட்டில் மூடிவிடும். அது ஈயம், உடம்புக்கு ஆகாது. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது வரும் மஞ்சள் அதைவிட மெல்லியது, இரண்டு மூன்று கோட் கேட்கும். நல்லதுதான், கூலியில் அந்த நேரத்தையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். உங்கள் அக்ரிலிக் மஞ்சளுக்கும் இதே வைத்தியம்: கீழே சுத்தமான வெள்ளை, மேலே மெல்லிய கோட்டுகள். ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று.

மூன்றாவது, இரண்டு நிறமும் சந்திக்கும் இடம். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து எழுதினால் வலது கீழ்ப்பக்கம் கறுப்பு ஷேடு கொடுப்போம். அழகுக்கு மட்டும் கொடுப்பதில்லை. நடுவில் அந்தக் கறுப்பு வந்தால்தான் சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் தெரியும், ஓரத்தில் ஆரஞ்சாக வழியாது. நேரம் கிடைத்தால் அழகர்கோவில் வசந்த மண்டபத்துக்குப் போய்க் கூரையில் இருக்கும் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்களைப் பாருங்கள். அவர்கள் கையில் இருந்தது காவிச் சிவப்பும் மஞ்சளும் இன்னும் சில நிறங்களும்தான். சிவப்புத் தளத்தில் மஞ்சள் உடம்புகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு. அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் உருவம் எல்லாம் தளத்துக்குள் கரைந்துவிடும்.

உங்கள் படத்தில் நேர்க்கறுப்பு வேண்டாம். கிரிம்சனோடு கொஞ்சம் தாலோ கிரீன் கலந்து பாருங்கள். கிட்டத்தட்ட கறுப்பாகவே வரும், ஆனால் உள்ளே சூடு இருக்கும். தாலோ பொல்லாத சக்தி உள்ளது, தூரிகை நுனியில் தொட்டு எடுத்தால் போதும். அந்த நிறத்தில் சட்டையின் கீழ் விளிம்பு சல்லடத்தின் மேல் விழும் இடத்தில் ஒரு கோடு இழுங்கள். ஒரே தடிமனில் வேண்டாம். இடுப்பு மடிப்பில் தடிமனாக, முன்பக்கம் வெயில் படும் இடத்தில் இல்லாமலேயே போகட்டும்.

இனி மடிப்பு. மஞ்சளுக்குக் கறுப்பு ஆகவே ஆகாது, நீங்கள் பார்த்த பச்சை அதனால்தான். இப்படி இறங்குங்கள்: வெயில் நேரே படும் முகட்டில் கோல்டன் எல்லோவோடு துளி லெமன், துளி வெள்ளை. அதற்கடுத்து வெறும் கோல்டன் எல்லோ, மடிப்பின் பெரும்பகுதி இதுதான். திரும்பும் இடத்தில் எல்லோ ஓக்கர். பள்ளத்தில் பர்ன்ட் சியன்னா. பள்ளத்தின் அடியில் அந்த சியன்னாவோடு கொஞ்சம் கிரிம்சன். சட்டைக்கு நெருங்கிய பள்ளத்தில் மட்டும் மெல்ல வெர்மிலியன் பூசுங்கள். சிவப்புத் துணியில் பட்ட வெளிச்சம் மஞ்சளின் நிழலுக்குள் எகிறி விழும். இது இல்லாவிட்டால் சட்டையும் சல்லடமும் வேறு வேறு ஆளுடையது மாதிரி இருக்கும்.

சிவப்புக்கு மேலேறும்போது வெள்ளை வேண்டாம், கோல்டன் எல்லோ சேருங்கள். வெர்மிலியன் ஆரஞ்சாக எழும், அதுதான் வெயில் பட்ட சிவப்பு. இறங்கும்போது கிரிம்சன், அதற்கும் கீழே மேலே சொன்ன கிரிம்சன் தாலோ. சாட்டினின் பளபளப்பு மட்டும் தனி: வெள்ளையில் அல்ட்ராமரின் சாயல் தெரிந்தும் தெரியாமல் கலந்து, மடிப்பு முகட்டில் மெல்லிய கூர்மையான கீற்று. வானத்தின் நிறம் அது. தேய்த்துப் பரப்பினால் மறுபடி ரோஸ் ஆகிவிடும். வைத்த கையை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் முகம். முகத்தை அழுத்தித் தீட்டிக் கண்ணைக் கொண்டுவர முடியாது, முகத்துக்குப் பின்னால் இருப்பதுதான் கொண்டுவரும். உங்கள் ஆள் தண்ணீர் பீய்ச்சுகிறார் அல்லவா? அந்தத் தண்ணீர்ப் புகையை முகத்துக்குப் பின்னால் விடுங்கள். வெளிர் நீலச் சாம்பல். படம் முழுக்கச் சூடாக இருக்கும்போது குளிர்ந்த இடம் அது ஒன்றுதான் என்றால், கண் வேறெங்கே போகும்?


விளாச்சேரிமண் (விளாச்சேரி):

அண்ணன் எழுதியதை எல்லாம் படித்தேன், சந்திப்புக் கோடு பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு, அண்ணே, கோபிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் கொலுப் பொம்மை செய்கிறோம். சுட்ட மண் பொம்மையே சிவப்பு. வெள்ளை அடித்த பிறகு மஞ்சள் பூசினால் ஒரு மஞ்சள் வரும். வெள்ளை அடிக்காமல் நேரே மண்ணின் மேல் பூசினால் வேறு மஞ்சள். முதலாவது பூ மாதிரி வெளிச்சம். இரண்டாவதில் பூச்சு மெலிந்த இடமெல்லாம் அடி மண் தெரிந்து, பொன் போல ஒரு கனம் வரும். அம்மன் பொம்மைக்கு ஒட்டியாணம், கிரீடம் எல்லாம் இப்படி அடியில் சிவப்பு வைத்துத்தான் நான் தீட்டுகிறேன். ஐரோப்பாவில் மரச் சட்டங்களுக்குத் தங்கத் தாள் ஒட்டுபவர்களும் அடியில் சிவப்புக் களிமண் பூசித்தான் ஒட்டுவார்கள். தாள் தேய்ந்த பழைய சட்டங்களில் அந்தச் சிவப்பு தெரியும். தங்கத்துக்குச் சூடு கொடுப்பதே அந்த அடிச்சிவப்புதான்.

அதனால் தங்கச்சி, மஞ்சள் முழுவதற்கும் வெள்ளை அடிக்காதீர்கள். வெயில் படும் முகடுகளுக்கு மட்டும் வெள்ளை. நிழல் பக்கம் முழுக்க முதலில் பர்ன்ட் சியன்னாவை மெல்லிசாக ஓட்டிக் காயவிட்டு, அதன் மேல் எல்லோ ஓக்கரையும் கோல்டன் எல்லோவையும் அரைகுறையாக, தூரிகையில் ஈரம் இல்லாமல் இழுங்கள். அடிநிறம் அங்கங்கே தெரியட்டும். அடி மட்டும் வேறாக இருந்தால் போதும், ஒரே மஞ்சள் இரண்டாகத் தெரியும். சட்டைச் சிவப்புக்கும் சல்லடத்துக்கும் உறவும் தானாக வந்துவிடும்.

ஜிகினாவுக்குக் கடையில் கிடைக்கும் கோல்டு பெயின்ட்டை வைக்க நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னும் அல்லது கறுக்கும். நேரே பார்த்தால் தங்கம், பக்கத்திலிருந்து பார்த்தால் அழுக்குப் பச்சை. பொம்மைக்குப் பரவாயில்லை, கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். படத்தை அப்படிப் பார்க்க மாட்டார்கள். குல்லாவின் விளிம்பில் பர்ன்ட் சியன்னாவில் ஒரு பட்டை போட்டு, அது காய்ந்ததும் ஓக்கரில் நெருக்கமாகப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளில் சிலவற்றின் மேல் மட்டும் வெள்ளை கலந்த லெமன் நுனி. எல்லாப் புள்ளிக்கும் வைத்தால் ஒன்றும் மின்னாது.

இன்னொரு விஷயம். அக்ரிலிக் காயும்போது கொஞ்சம் கறுக்கும். ஈரமாக இருக்கும்போது அதன் பசை பால் மாதிரி வெளுப்பு, காய்ந்தால் தெளிந்துவிடும். சிவப்பில் இது நன்றாகவே தெரியும். ஈரத்தில் சரியாக இருக்கிற சிவப்பு மறுநாள் ஒரு படி இறங்கியிருக்கும். கேன்வாஸ் ஓரத்திலோ ஒரு அட்டையிலோ ஒரு தீற்று வைத்துக் காயவிட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய இடத்துக்குப் போங்கள்.


தீட்டும்விரல் (வில்லாபுரம்):

அய்யா, அக்கா, திண்டுக்கல் நண்பர், மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீர்ப் புகையை முகத்துக்குப் பின்னால் வைப்பது என் மண்டையில் தோன்றவே இல்லை. படித்ததும் எழுந்துபோய்ச் சாக்பீஸால் கேன்வாஸில் குறித்துவிட்டு வந்தேன். அடியில் சியன்னா ஓட்டுவதையும் ஒரு அட்டையில் பார்த்தேன். அக்கா சொன்ன கனம் வருகிறது.

மேலும் இரண்டு கேள்விகள். நான் பார்த்து வரைவது போனில் எடுத்த படம். அதில் சிவப்புச் சட்டை ஒரே கட்டியாக இருக்கிறது, மடிப்பே தெரியவில்லை. மஞ்சளில் மட்டும் மடிப்பு நன்றாக வந்திருக்கிறது. சட்டை மடிப்பை எங்கிருந்து எடுப்பது? அடுத்தது, இந்தப் படத்தை வாங்குகிறவர் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டப்போகிறார். கிரிம்சன் வெளுத்துவிடுமா?


பலகைஎழுத்து (செல்லூர்):

விளாச்சேரித் தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பலகைக்கு நிழல் பக்கம் என்று ஒன்று கிடையாது, அதனால் நாங்கள் எல்லா இடத்திலும் வெள்ளை அடிக்கிறோம். கேன்வாஸுக்கு அவர் சொல்வதுதான் பொருத்தம்.

போன் கேமராவில் அடர் சிவப்பு வந்தால் அதன் சிவப்புப் பங்கு உச்சத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் ஏற்ற இறக்கம் பதியாது, மடிப்பெல்லாம் ஒரே சமமாகிவிடும். அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் இல்லை. துணியைத்தான் பார்க்க வேண்டும். குன்னத்தூர் சத்திரத்துக்குப் போங்கள். மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் இருந்த தையல் கடைக்காரர்கள் இப்போது அங்கே இருக்கிறார்கள். அழகர் உடை தைக்கிறவர்களிடம் சிவப்பு சாட்டினும் மஞ்சள் சாட்டினும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். துணிக்கடையில் வாங்கும் சாட்டினும் ஆகும் என்றாலும் அவர்களிடம் இருக்கும் சிவப்பே வேறு.

அதை ஒரு நாற்காலியின் மேல் போட்டு, கிழக்கு ஜன்னல் ஓரம் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். இதை மறந்துவிடாதீர்கள்: உங்கள் ஆள் நனைந்திருக்கிறார். நனைந்த துணி ஒரு படி இருண்டு, நிறம் அடர்ந்து, உடம்போடு ஒட்டும். மடிப்பு குறையும், பளபளப்புக் கீற்று கூடும். சட்டையின் தோளும் மார்பும் நனைந்தும், கீழ்ப்பகுதி காய்ந்தும் இருந்தால் ஒரே சிவப்பில் இரண்டு சிவப்பு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்.

விடிகிற நேரத்திலேயே எழுந்து பாருங்கள். வெளிச்சம் நன்றாக வருவதற்கு முன்னால் சிவப்புத் துணி கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும், மஞ்சள் மட்டும் வெளிறித் தெரியும். மங்கலில் நம் கண் சிவப்பைத்தான் முதலில் விடுகிறது. புர்கின்யே என்ற செக் நாட்டு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதினார், அதனால் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள். பலகை எழுதுகிறவர்களுக்கு இது தொழில் அறிவு. சாயங்காலம் தெருவில் விளக்கு போடும் முன் சிவப்பு எழுத்து படிக்காது, மஞ்சள் எழுத்து படிக்கும். தெருவெல்லாம் சோடியம் விளக்காக இருந்தபோது சிவப்பு ராத்திரி முழுக்கப் பழுப்புதான். அதனால்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருப்பவர்கள் சிவப்பில் பெயர் கேட்டால், தளத்தைச் சிவப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்குங்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். உங்கள் படத்தில் கூட்டத்துக்குள் பின்னால் நிற்பவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாம்: வெயில் இன்னும் எட்டாத இடத்தில் சிவப்பு உடைகளைக் கறுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு, மஞ்சளை மட்டும் அங்கங்கே மங்கலாகத் தெரியவிடுங்கள். கூட்டம் தானாகப் பின்னால் போய்விடும்.

வெளுப்பதைப் பற்றி. மேற்கு பார்த்த பலகையில் முதலில் போவது சிவப்பு எழுத்துதான், மதுரை வெயிலில் அது ரோஸாகி, பிறகு தடம் மட்டும் இருக்கும். ஆனால் எல்லாச் சிவப்பும் அப்படி இல்லை. ரெட் ஆக்சைடு இரும்புத் துரு, வெயில் அதை ஒன்றும் செய்யாது. எல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் அதே இரும்புக் குடும்பம். உங்கள் கிரிம்சன் குழாயில் என்ன குறியீடு?


தீட்டும்விரல் (வில்லாபுரம்):

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அய்யா. பி.ஆர். 83 என்று போட்டிருக்கிறது.


குழாய்மூடி (திண்டுக்கல்):

அது அலிசரின். 1868இல் ஜெர்மனியில் ஆய்வகத்தில் உண்டாக்கிய சாயம், அழகான நிறம், ஆனால் வெயிலுக்கு நிற்காது. மெல்லிசாக ஓட்டிய இடத்தில் சீக்கிரம் போகும். மேற்கு ஜன்னல் என்றால் அதை வைக்காதீர்கள். குயினாக்ரிடோன் வகை, பி.வி. 19 (பிக்மென்ட் வயலட்) என்று போட்ட குழாய் வாங்குங்கள். கிரிம்சன் வேலையை முழுக்கச் செய்யும், தாலோ கிரீனோடு கலந்தால் அதே ஆழமான கருஞ்சிவப்பும் வரும். வெர்மிலியன் குழாயின் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள், பி.ஆர். 254 இருந்தால் கவலை இல்லை.


தீட்டும்விரல் (வில்லாபுரம்):

சரி, பி.வி. 19 வாங்கிவிடுகிறேன். சனிக்கிழமை குன்னத்தூர் சத்திரம் போகலாம் என்றிருக்கிறேன். கடைசியாக ஒன்று, துருத்தியின் தோல் நிறத்துக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் போதுமா? அது சட்டைக்கும் சல்லடத்துக்கும் குறுக்கே தொங்குகிறது.


பலகைஎழுத்து (செல்லூர்):

போதும். குறுக்கே தொங்குவது நல்லதுதான், உங்களுக்கு வேண்டிய இருண்ட இடைவெளி அதிலேயே கிடைத்துவிட்டது. துருத்திக்குப் பின்னால் நான் சொன்ன கோடு வேண்டாம். சியன்னாவைவிட அல்ட்ராமரின் ஒரு துளி கூடுதலாக இருக்கட்டும், அப்போதுதான் பக்கத்துச் சிவப்புக்கு எதிராகக் குளிர்ந்து நிற்கும். தோல் நனைந்திருக்கும், அதனால் வாய்ப்பகுதியில் ஒரு வெள்ளைக் கீற்று. வார் சட்டையை அழுத்தும் இடத்தில் துணி இரண்டு பக்கமும் உப்பும், சாட்டின் வாங்கி வந்ததும் ஒரு கயிற்றைக் கட்டிப் பார்த்து அதை வரைந்துகொள்ளுங்கள்.